நீளமாக மூன்று பீப்

ஜூன் 6, திங்கள்

காலையில் கணினி எழுந்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். பெட்டிக்குள் விசிறி சுற்றியது, முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. சற்றுப் பொறுத்து நீளமாக மூன்று பீப் சத்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை. ஒன்பது தடவை முயன்றேன். ஒன்பது தடவையும் அதே மூன்று பீப்.

முப்பத்தோரு வருடம் பாளையங்கோட்டையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நான். ஒரு கருவி சத்தம் போட்டால் அது ஏதோ சொல்கிறது என்று தெரியும். என்ன சொல்கிறது என்பதுதான் தெரியவில்லை.

மதுரை மாத இதழுக்கு நான் தரும் எழுபத்தைந்தாவது குறுக்கெழுத்துப் புதிர் இருபதாம் தேதிக்குள் போயாக வேண்டும். பெட்டிக்குள் பதினோராயிரம் சொற்கள் இருக்கின்றன, எழுத்து எண்ணிக்கை வாரியாக. ஓய்வு பெற்ற பின் ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்த்தவை. வேறெங்கும் பிரதி இல்லை.

கீரை மசியலில் உப்புக் கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

ஜூன் 7, செவ்வாய்

பஜாரிலிருந்து மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறக்கவில்லை. பீப் சத்தத்துக்குக் காதையும் கொடுக்கவில்லை. செல்போனில் யாருடனோ பேசிக்கொண்டே இரண்டு தடவை பொத்தானை அழுத்தினார். "மதர்போர்டு போச்சும்மா. பழைய மாடல். புதுசு வாங்கிருங்க" என்றார்.

"உள்ள இருக்கிற சொல்லெல்லாம்?"

"என்னது?"

"வார்த்தை. பதினோராயிரம் வார்த்தை."

"போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தார்.

ஜூன் 8, புதன்

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உலகு, உன் தங்கச்சி காலேஜ்ல இதைத்தானே பாடம் நடத்துதா" என்றார்.

துவைத்த துணி மாடியில் கிடந்தது. எடுக்கப் போய்விட்டேன்.

என் தங்கை பிரமு. பிரமநாயகி. என்னைவிட எட்டு வயது இளையவள். திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவு ஆசிரியை. ஏதோ ஒரு மனத்தாங்கல், பேச்சு விட்டுப்போய் எட்டு வருடமாகிறது. குடும்பம் என்றால் இப்படியெல்லாம் இருக்கும். எழுதுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஜூன் 9, வியாழன்

கூப்பிட்டேன். புதிருக்காகத்தான். பதினோராயிரம் சொல்.

அவள் எண்ணை அவரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். விரல் தானாகவே அழுத்திவிட்டது.

"ஹலோ."

"பாளையங்கோட்டையிலருந்து உலகம்மாள் பேசுதேன்."

மூச்சு மட்டும் கேட்டது. லைன் துண்டிக்கப்பட்டால் எப்படி இருக்கும், ஆள் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இது இரண்டாவது.

"சொல்லுங்க" என்றாள்.

சொல்லுங்க. பேச்சு வந்த நாளிலிருந்து என்னிடம் அவள் 'ங்க' போட்டதில்லை.

"கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகல. மெக்கானிக் போர்டு போச்சுங்கான்."

"திறந்து பாத்தாரா?"

"இல்ல."

"பொறவு எப்படிச் சொல்லுதாரு?" சட்டென்று கோபம் வந்துவிட்டது அவளுக்கு. உடனே குரலை இறக்கிக்கொண்டாள். "போனைப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சு ஸ்விட்சைப் போடுங்க."

போட்டேன். நீளமாக மூன்று பீப்.

"ம்" என்றாள். பேனாவால் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "முதல்ல பின்னாடி இருக்கிற கேபிள் எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு மாட்டுங்க. அது சரிப்படலைன்னா நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிடுங்க. வார்த்தையெல்லாம் வேற இடத்துல இருக்கும், போர்டுல இல்ல. பயப்படாதீங்க" என்றாள்.

கழற்றித் துடைத்து மாட்டினேன். சரியாகவில்லை.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நாளைக்குப் பத்து மணி.

ஜூன் 10, வெள்ளி

இன்றைய பாடம் தூசி. மூடியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் விசிறியைத் துடைக்கச் சொன்னாள். உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு. ஒரு பல்லி முட்டையும் இருந்தது.

"பல்லி முட்டை இருக்கு" என்றேன்.

"உடைஞ்சதா, முழுசா?"

"முழுசா."

"எடுத்து ஜன்னல்ல வைங்க, பாவம்."

சிறு வயதில் பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நின்று கத்துவாள். அதை ஞாபகப்படுத்தலாமா என்று யோசித்தேன். படுத்தவில்லை. இருபத்திரண்டு நிமிடம் பேசினோம். அதில் கணினி பற்றிப் பத்து நிமிடம்தான் இருக்கும்.

பெட்டி இன்னும் எழவில்லை.

ஜூன் 11, சனி

இன்று ராம் என்னும் மெமரி அட்டை. போர்டில் செங்குத்தாக நிற்கும் பச்சைப் பட்டை. இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கினால் வெளியே வரும். அடியில் பொன் நிறப் பற்கள். பென்சில் அழிக்கிற ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்த வேண்டும்.

"இப்பவே செய்யணுமா?" என்று கேட்டேன்.

"ரப்பர் இருக்கா?"

"வாங்கணும்."

"வாங்கிச் செஞ்சு பாருங்க. எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு. திங்கக்கிழமை சொல்லுங்க."

மதியம் அவரே போய் ரப்பர் வாங்கி வந்தார். தேய்த்தேன். அழுத்தினேன். டக்.

ஒரே ஒரு பீப், சின்னதாக. பிறகு திரையில் வெளிச்சம். என் சொற்கள் எல்லாம் அப்படி அப்படியே இருந்தன, இரண்டெழுத்திலிருந்து பதினாலெழுத்து வரை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தேன். அவருக்கு ஒரு டம்ளர் பாயசம் வைத்துக் கொடுத்தேன்.

"பிரமுக்குச் சொல்லிட்டியா?" என்றார்.

"மீட்டிங்ல இருக்கா."

ஜூன் 12, ஞாயிறு

கணினி நாள் முழுக்க ஓடியது. புதிரில் பாதி முடிந்தது.

ஜூன் 13, திங்கள்

பத்து மணிக்குக் கூப்பிட்டேன்.

"ரப்பர் போட்டுத் தேய்ச்சீங்களா?"

"தேய்ச்சேன்."

"என்ன ஆச்சு?"

ஒரு பழுதுபார்த்த பொருளை இரண்டு மூன்று நாளாவது வைத்துப் பார்க்காமல் சரியாகிவிட்டது என்று சொல்லக் கூடாது. எக்ஸ்சேஞ்சிலும் அதுதான் முறை. ஆகவே, "அப்படியேதான் இருக்கு" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு, திரையில் பளிச்சென்று நின்ற என் கட்டங்களைப் பார்த்தார். நான் வாயில் விரல் வைத்தேன்.

"அப்படியா" என்றாள் பிரமு. நெடுநேரம் யோசித்தவள்போல, "அப்போ அந்த வட்டமான பேட்டரியைப் பாக்கணும். உங்க ஊர்ல கிடைக்குமா?" என்றாள்.

"தேடிப் பாக்கேன்."

"அவசரமில்ல. மெதுவாத் தேடுங்க." அதிலிருந்து பேச்சு திருச்சி வெயிலுக்குப் போய், அங்கிருந்து அவள் வீட்டு மாமரத்துக்குப் போய், அங்கிருந்து அவளுடைய சர்க்கரைக்குப் போனது. எனக்கும் சர்க்கரை என்றேன். எவ்வளவு என்றாள். சொன்னேன். என்னைவிட அவளுக்குப் பத்து குறைவு. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். கேட்டுக்கொண்டே இடமிருந்து வலம் நான்கு சொற்களைப் போட்டு முடித்தேன்.

ஜூன் 14, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

பேட்டரியை மாற்ற மூடியைக் கழற்றச் சொன்னாள். மாற்றத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கணினியை அணைத்துவிட்டு, போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு கழற்ற உட்கார்ந்தேன். நாலாவது திருகு அசையவில்லை.

"கழண்டுச்சா?"

"இல்ல. இரு."

திருப்புளி மட்டும் கிறீச்சிட்டது.

"அம்மா கடைசியா என்ன சாப்பிட்டா?" என்று கேட்டாள்.

எட்டு வருடமாக அந்தக் கேள்வியை அவள் வைத்திருந்திருக்கிறாள்.

"ரசஞ்சாதம். ரெண்டு வாய். அப்பளம் கேட்டா. பொரிச்சுக் கொடுத்தேன். நுனியை மட்டும் கடிச்சா."

நான் திருகைப் பார்த்துக்கொண்டே மற்றதையும் சொல்ல ஆரம்பித்தேன். இன்று சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

எட்டு வருடத்துக்கு முன் அம்மா படுக்கையில் விழுந்த அதே வாரத்தில்தான் பிரமுவுக்குத் திருச்சியில் வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தது. அம்மாவின் நிலைமையை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அம்மா போன பிறகுதான் சொன்னேன். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கினாள். கூடத்தில் அத்தனை பேருக்கு முன்னால், "உனக்கு மட்டும்தான் அம்மாவா? எனக்கு இல்லையா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து போனவள்தான், அதன் பிறகு பேச்சில்லை.

"பிரமு, அம்மாதான் சொல்லக்கூடாதுன்னா. 'தையல் பிரிக்கிற வரைக்கும் அவகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா பஸ்ஸேறி வந்துருவா, தையல் விட்டுரும்'னு சொன்னா. என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினா. தையல் பிரிக்க இன்னும் மூணு நாள் இருந்துச்சு. அதுவரைக்கும் இருப்பான்னுதான் நானும் நினைச்சேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"உன் ஆபரேஷனாலதான் அம்மாவைப் பாக்க முடியாமப் போச்சுன்னு நீ உன்னையே போட்டு வதைப்ப. என்னைத் திட்டுனாத் திட்டிட்டுப் போறேன்னு விட்டேன். பொறவு நீ பேசல. எனக்கும் வீம்பு வந்துட்டு."

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவள் அழுவது கேட்டது. நான் லைனை விடவில்லை. எத்தனையோ பேர் அழுவதை ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். குறுக்கே பேசக்கூடாது.

கடைசியில் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எக்கா" என்றாள்.

"என்னட்டி?"

"அந்த ஸ்குரு கழண்டுச்சா, இல்லியா?"

இருவரும் சிரித்துவிட்டோம். திருகு கழலவேயில்லை.

ஜூன் 15, புதன்

நன்றாகத் தூங்கினேன். சாரல் ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 16, வியாழன்

பிரமு வருகிறாளாம். சனிக்கிழமை. ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறாள்.

"இவ்வளவு சொல்லியும் சரியாகலைன்னா நேர்ல பாத்தாத்தான் ஆகும்" என்றாள்.

"அதுக்காகவா இவ்வளவு தூரம் வார?"

"உன் பதினோராயிரம் வார்த்தைக்காக வாரேன்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர், "உண்மையைச் சொல்லிரு" என்றார். இவருக்கென்ன, சொல்லிவிடுவார்.

ஜூன் 17, வெள்ளி

யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். புதிரை நேற்றே முடித்துச் சேமித்துவிட்டேன், கடைசி மூலையில் ஒரு சொல் தவிர. நாலாவது திருகுக்கு எண்ணெய் விட்டு மூடியைத் திறந்து, ராம் அட்டையைக் கழற்றி, பட்டு ரவிக்கைத் துணியில் சுற்றி, பீரோவில் அம்மாவின் படத்துக்குப் பின்னால் வைத்தேன். கழற்றும்போது கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. அட்டை இல்லாமல் எப்படியும் ஓடாது.

மாப்பிள்ளைச் சம்பா அரிசி ஊறப்போட்டேன். சொதிக் குழம்புக்குப் பாலெடுக்கத் தேங்காய் மூன்று. அவளுக்குச் சொதி என்றால் உயிர்.

ஜூன் 18, சனி

மதியம் பன்னிரண்டரைக்கு ஆட்டோ வந்து நின்றது. எல்லாம் யோசித்து வைத்திருந்தேன், வாசலில் என்ன சொல்ல வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று. அவள் தலை முழுக்க நரைத்திருந்தது. சாயம் பூசுவதில்லை போலும். நான் பூசுகிறேன். "என்னட்டி, கிழவியாயிட்ட" என்றுதான் வாயில் வந்தது. பையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஆட்டோக்காரர் பையை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் விலகும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொதி மூன்று தடவை கேட்டு வாங்கினாள். சர்க்கரையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

சாப்பிட்டதும் பெட்டி முன் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எக்கா, ராம் எங்க?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார்.

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ரவிக்கைத் துணியைப் பிரித்தவள் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "பட்டுத் துணியிலயா சுத்துவாங்க? ஸ்டாட்டிக் கரண்ட் ஏறி அட்டையே போயிரும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

"எப்ப சரியாச்சு?"

"போன சனிக்கிழமை" என்றேன். இனி மறைத்து என்ன.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"திங்கக்கிழமை பேசும்போது டக்டக்குன்னு டைப் அடிச்சுக்கிட்டே பேசுன. ஓடாத கம்ப்யூட்டர்ல யாரு டைப் அடிப்பா?"

முப்பத்தோரு வருடம் போனில் வேலை பார்த்தவள், அந்தச் சத்தத்தை மறந்திருக்கிறேன்.

"அப்போ பேட்டரியைத் தேடச் சொன்னது?"

அவள் அட்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீளமா மூணு பீப் அடிச்சா உன் மாடல்ல ராம் கோளாறு. முதல் நாளே போன்ல கேட்டுட்டேன். அன்னைக்கே ரப்பரைப் போட்டுத் தேய்ன்னு சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சு போயிருக்கும். நீயும் நன்றின்னு சொல்லிட்டு வச்சிருப்ப."

"அதுக்குத்தான் கேபிளும் தூசியுமா?"

"தூசி நிஜமாவே இருந்துச்சுல்லா?"

அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ரெண்டும் ஒரே வயித்துல பிறந்தது" என்றார்.

பிரமு அட்டையைப் பொருத்தி, டக் என்று அழுத்தி, பொத்தானைத் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. விசிறி இல்லை, விளக்கு இல்லை. பீப்கூட இல்லை.

மறுபடியும் அழுத்தினாள். சிரிப்பு நின்றுவிட்டது. "எக்கா, நிஜமாவே என்ன செஞ்ச?"

"அட்டையைக் கழட்டினேன். அவ்வளவுதான்."

சுவர் பிளக்கைப் பார்த்தாள், ஒயரை மாற்றினாள், பின்பக்க ஸ்விட்சைப் போட்டு எடுத்தாள். நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போனது. மதுரை இதழின் ஆசிரியர் போன் செய்து புதிர் திங்கள் காலை வந்துவிடும்தானே என்று கேட்டார். வந்துவிடும் என்றேன்.

ஜூன் 19, ஞாயிறு

காலை காப்பி குடித்ததும் உட்கார்ந்தாள். பெட்டியைத் தரையில் படுக்கவைத்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பழைய போர்வையில் வரிசையாக அடுக்கினாள். நான் டார்ச் பிடித்தேன். வேலை செய்யும்போது நாக்கு நுனியை உதட்டில் வைத்துக்கொள்கிறாள், அம்மா பூ கட்டும்போது வைத்துக்கொள்வது போல. இத்தனை வருடம் எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

பதினொன்றரைக்கு, "இங்கன பிடி. இன்னும் கீழ" என்றாள். போர்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மெல்லிய ஒயர் ஒன்று அனாதையாகத் தொங்கியது. முகப்புப் பொத்தானிலிருந்து வரும் ஒயர். அட்டையை நான் இழுத்த இழுப்பில் அது கழன்றிருக்கிறது. பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் சேதி உள்ளே போகாது.

"அப்போ வேற ஒண்ணும் போகலியா?"

"ஒண்ணும் போகல. நீயே மாட்டு."

"நானா?"

"எக்ஸ்சேஞ்சுல ட்ரங்க் கால் போர்டுல எத்தனை ஒயர் குத்தியிருப்ப. இது ரெண்டு ஊசி."

மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். விசிறி, விளக்கு, சின்னதாக ஒரு பீப், பிறகு வெளிச்சம். அவள் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இன்னும் வலிக்கிறது.

முதல் வேலையாகப் பதினோராயிரம் சொற்களையும் இரண்டு பென்டிரைவில் எடுத்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அவள் கைப்பைக்கு.

கடைசி மூலை மட்டும் நிரம்பாமல் நின்றது. அவள் அடுக்களையில் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏழு எழுத்து, மூணாவது எழுத்து 'ங்'. சொல்லு பாப்போம்."

கொஞ்ச நேரம் கத்திச் சத்தம் மட்டும். பிறகு, "முருங்கைக்காய்" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். சரியாக ஏழு. "எப்படிட்டி கண்டுபிடிச்ச?"

"கையில அதான் இருக்கு."

ஜூன் 20, திங்கள்

காலை எட்டரைக்கு எழுபத்தைந்தாவது புதிரை அனுப்பினேன். ஒன்பது மணிக்கு ஆசிரியர் 'கிடைத்தது, அருமை' என்று பதில் போட்டார். அதன் பிறகு மூன்று பேரும் குற்றாலம் போனோம். பிரமு அருவியில் நின்று என்னைக் கூப்பிட்டாள். தலை சாயம் போய்விடும் என்றேன். போகட்டும் என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஜூன் 23, வியாழன்

எழுத நேரமில்லை. பேசிக்கொண்டே இருக்கிறோம்.

ஜூன் 26, ஞாயிறு

பிரமுவை மதிய ரயிலில் ஏற்றிவிட்டோம். வண்டி நகர்ந்ததும் அவர் என் பையை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அவள் படுத்திருந்த போர்வையை மடித்து வைத்தேன். இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி அதிகமாகிவிட்டது. மூன்று பேருக்கே அளந்திருக்கிறேன்.

ஜூன் 27, திங்கள்

காலை பத்து மணிக்கு போன் அடித்தது. மாவாட்டிய கையோடு ஓடி எடுத்தேன். பிரமு.

"என்னட்டி, என்ன விஷயம்?"

"விஷயம் ஒண்ணுமில்ல" என்றாள். "சும்மாதான் கூப்பிட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சரி, சொல்லு" என்றேன்.